துருவின் மேல் பூசிய வர்ணம் நிலைக்காது

மானாவாரி நிலத்தில் விதைப்பு மழை பெய்தபின், விதைக்கத் தகுந்த ஈரம் சில நாட்களே நிற்கும். அந்த நேரத்தில் விதையும் உரமும் இடும் கருவியின் தகரப் பெட்டி துருவால் ஓட்டை விழுந்து உரத்தைக் கொட்டினாலோ, ஆழத்தைச் சரிசெய்யும் போல்ட் இறுகிப்போய்த் திருகும்போது முறிந்தாலோ, விவசாயிக்கு நேரும் நஷ்டம் ஒரு பெட்டியின் விலையோ ஒரு போல்ட்டின் விலையோ அல்ல. கருவியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் திரும்புவதற்குள் நிலத்து ஈரம் போய்விடும். நஞ்சையிலும் இப்படித்தான். களையெடுக்கும் பருவத்தில் கோனோ களைக்கருவியின் உருளை சுற்ற மறுத்தால் அந்த வாரத்துக் களை அப்படியே நிற்கும். கருவியைத் துருப்பிடிக்காமல் காப்பது அழகுக்காக அல்ல. பருவத்தைத் தவறவிடாமல் இருப்பதற்காகவே.

இதை உணர்ந்த விவசாயிகள் பலர் கருவிகளுக்கு மறுபடியும் வர்ணம் பூசத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் கலப்பை, மண்வெட்டி, பம்புசெட் தாங்கி ஆகியவற்றை ஒரு துணியால் துடைத்து, கடையில் வாங்கிய பச்சை அல்லது நீல வர்ணத்தைக் கனமாக ஒரு பூச்சுப் பூசிவிடுகிறார்கள். பூஜையன்று கருவிகள் புதிதுபோல் மின்னும். தை மாதம் பார்த்தால் வர்ணம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். விரலால் நெருடினால் தோலாக உரிந்து, உள்ளே செம்பழுப்புத் துரு தெரியும். வர்ணம் மட்டம் என்று கடைக்காரர்மேல் கோபம் வரும். ஆனால் பெரும்பாலான இடங்களில் குறை டப்பாவில் இல்லை. டப்பாவைத் திறப்பதற்கு முன் செய்யாமல் விட்ட வேலையில் இருக்கிறது.

வர்ணம் ஏன் உரிகிறது?

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் தேவை. இரண்டில் ஒன்றைத் தடுத்தாலும் துரு ஏறாது. வர்ணம் இரண்டையுமே ஓரளவு தடுக்கிறது. ஆனால் எந்த வர்ணமும் கண்ணாடியைப்போல் முழுத் தடுப்பு அல்ல. நீராவி மிக மெதுவாக அதனூடே கசியும். வர்ணத்துக்குக் கீழே இரும்பு சுத்தமாக இருந்து, வர்ணம் அதை இறுகப் பற்றியிருந்தால் இந்தக் கசிவால் பெரும் தீங்கில்லை. அடியில் பழைய துரு இருந்தால் நிலைமை வேறு. துரு பஞ்சைப்போல் நுண்துளைகள் உடையது. ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் பூசிய வர்ணம் இரும்பைப் பற்றுவதில்லை, உதிரும் துருவையே பற்றுகிறது. மேலும் துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே உள்ளே புதுத் துரு வளர வளர, மேலிருக்கும் வர்ணத்தை அது நெம்பித் தூக்குகிறது.

பண்ணைக் கருவிகளுக்கு இன்னொரு பகையும் உண்டு. அதுதான் உரம். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உப்பு இருக்கிறது. அம்மோனியம் சல்பேட்டும் இரும்பை அரிக்கும். இரும்பின் மேல் படிந்த உரத்தூசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்புநீராக மாறும். சாதாரணமாகக் காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் துருப்பிடிப்பு வேகமெடுக்கும். உப்பு படிந்திருந்தால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே வேலை தொடங்கிவிடும். இந்த உப்பைக் கழுவாமல் வர்ணத்துக்குக் கீழே வைத்து மூடினால், அது வெளியிலுள்ள ஈரத்தை வர்ணத்தினூடே உறிஞ்சி நீர்க்கொப்புளம் உண்டாக்கும். உரப்பெட்டி மற்ற பாகங்களுக்கு முன்பே ஓட்டையாவதன் காரணம் இதுவே.

ஏற்ற காலம்

புரட்டாசி அல்லது ஐப்பசியில் வரும் ஆயுத பூஜை, தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை நெருங்கும் அல்லது தொடங்கும் காலம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். வர்ணம் காய நாளாகும். அறுவடை முடிந்து கருவிகள் ஓய்வாக இருக்கும் மாசி, பங்குனி மாதங்களே மறுவர்ணத்துக்கு ஏற்றவை. அப்போது செய்துவிட்டால், ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாலே போதும்.

அந்த மாதங்களிலும் அதிகாலையில் பூசக் கூடாது. இரவில் குளிர்ந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்திருக்கும். காலை 9 மணிக்கு மேல் நிழலில் வேலையைத் தொடங்கி, மாலைப் பனி இறங்குமுன் மேற்பரப்பு காயும்படி பிற்பகல் 3 மணிக்குள் முடிப்பது நல்லது. தொட்டால் சுடுகிற வெயிலில் கிடந்த இரும்பின் மேலும் பூசக் கூடாது. மேல்தோல் சட்டென்று காய்ந்து உள்ளே ஆவி அடைபட்டுக் கொப்புளிக்கும்.

எதற்குப் பூசலாம், எதற்குக் கூடாது?

கலப்பையின் சட்டம், மேழி, விதைக்கருவியின் பெட்டி, சேற்று உழவுக்கான கேஜ் வீல், களைக்கருவியின் தண்டு, மோட்டார் தாங்கி, பட்டறை வைசின் உடல் ஆகியவற்றுக்கு வர்ணம் அவசியம்.

மண்ணில் உராயும் பாகங்களுக்கு வர்ணம் வீண். கொழு, மண் புரட்டும் பலகையின் முகம், மண்வெட்டியின் வாய், அரிவாளின் வெட்டும் பகுதி இவற்றில் பூசியது இரண்டு சால் ஓட்டுவதற்குள் தேய்ந்துபோகும். புரட்டும் பலகையில் வர்ணம் இருந்தால் மண் வழுக்கிச் செல்லாமல் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். இவற்றைச் சுத்தம் செய்து கிரீஸோ விளக்கெண்ணெயோ தடவி வைக்கவேண்டும். முன்னாளில் வண்டி அச்சுக்கு இட்ட விளக்கெண்ணெய் எளிதில் காய்ந்து போகாத எண்ணெய். ஆகவே இரும்பின் மேல் நெடுநாள் நிற்கும். எஞ்சினில் ஓடிக் கழித்த எண்ணெயைத் தடவும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும். அதில் கலந்துள்ள நச்சுப் பொருள்கள் தோலுக்கும் மண்ணுக்கும் கேடு.

போல்ட்டின் மரை, பேரிங், கிரீஸ் நிப்பிள், வைசின் திருகுத் தண்டு, அதன் பற்கள் ஆகியவற்றிலும் வர்ணம் படக்கூடாது. இவற்றின் மேல் சிறிது கிரீஸ் தடவியோ, காகிதம் சுற்றியோ மறைத்துக்கொள்ளலாம். அந்தக் கிரீஸ், வர்ணம் பூசவேண்டிய இடத்தில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பளபளப்பான முலாம் பூசிய ஸ்பேனர்களுக்கு வர்ணம் தேவையில்லை. எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். மரப்பிடிக்கும் வர்ணம் வேண்டாம். ஆளிவிதை எண்ணெயைத் தேய்த்து ஊறவிட்டால் பிடி வெடிக்காது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது உண்டாகும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் அடைபட்டுத் தானே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைக்கவேண்டும்.

முதல் வேலை கழுவுதல்

பலர் எடுத்தவுடன் உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்குகிறார்கள். இது தவறு. எண்ணெயும் உர உப்பும் இருக்கும்போது தேய்த்தால் அவை இரும்பின் கீறல்களுக்குள் அழுந்திக்கொள்ளும். முதலில் மண்ணையும் சாணத்தையும் தண்ணீரால் கழுவவேண்டும். கட்டியான பழைய கிரீஸைச் சுரண்டியபின் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தோய்த்த துணியால் துடைக்கலாம். ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. மண்ணெண்ணெயும் டீசலும் தாமே ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதன் மேல் வர்ணம் ஒட்டாது. ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சலவை சோடா கரைத்து, பிரஷால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் இருமுறை அலசவேண்டும். கழுவிய இரும்பின் மேல் தண்ணீர் முத்துமுத்தாகத் திரளாமல் ஒரே சீராகப் பரவினால் எண்ணெய் போய்விட்டது என்று அறியலாம். அலுமினியப் பாகங்களைச் சோடா அரிக்கும். அவற்றைச் சாதாரண சோப்புத்தூள் நீரால் கழுவினால் போதும்.

தெளிப்பானின் இரும்புச் சட்டமாக இருந்தால், பூச்சிமருந்தின் மிச்சம் நீங்கும்படி கையுறை அணிந்து மூன்று முறையாவது அலசியபிறகே சுரண்டவேண்டும். கழுவிய நீர் வாய்க்காலிலோ கிணற்றடியிலோ சேரக்கூடாது.

துருவையும் பழைய வர்ணத்தையும் நீக்குதல்

உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய வர்ணம் முழுவதையும் எடுக்கவேண்டியதில்லை. கத்தி முனையால் நெம்பிப் பார்த்து, எழும்பி வருவதை மட்டும் சுரண்டியால் எடுத்தால் போதும். துருவின் எல்லை வர்ணத்துக்குக் கீழேயும் ஓடியிருக்கும். ஆகவே துரு தெரியும் இடத்தோடு நிற்காமல் நல்ல இரும்பு தெரியும்வரை சுரண்டவேண்டும். பிறகு கம்பிப் பிரஷாலும், 60 அல்லது 80 எண் உப்புத்தாளாலும், கடைசியில் 120 எண் தாளாலும் தேய்க்கவேண்டும். நிற்கும் பழைய வர்ணத்தின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிட்டால் புதுப்பூச்சு அங்கே உடையாது. நல்ல பழைய வர்ணத்தின் பளபளப்பையும் தாளால் தேய்த்து மங்கச் செய்யவேண்டும். வழுவழுப்பான பரப்பைப் புது வர்ணம் பற்றாது.

போல்ட், கொண்டி, சங்கிலிக் கண்ணி போன்ற சிறு சாமான்களின் மூலைகளுக்குப் பிரஷ் எட்டாது. பித்தளைப் பாத்திரம் துலக்கும் புளியே இதற்கும் உதவும். புளியிலுள்ள அமிலம் துருவை மெல்லக் கரைக்கும். கெட்டியான புளிக்கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் பிரஷால் தேய்த்து, சலவை சோடா நீரில் கழுவி, நல்ல நீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் காயவைக்கவேண்டும். கடையில் கிடைக்கும் பாஸ்பாரிக் அமிலத் துரு நீக்கியையும் டப்பாவில் கண்டபடி பயன்படுத்தலாம். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மட்டும் பயன்படுத்தக்கூடாது. துரு விரைவில் போவதுபோல் தோன்றும். ஆனால் இரும்பில் தங்கும் குளோரைடு உப்பு வர்ணத்துக்கு அடியிலிருந்து மறுபடியும் துருவைக் கிளப்பும்.

பழைய வர்ணத்தில் ஈயம்

பழைய கருவிகளின் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். முன்பு இரும்புக்கு அடிப்பூச்சாக இட்ட ஆரஞ்சுச் சிவப்பான ஈயச் செந்தூரம் முழுக்க ஈயக் கலவை. மஞ்சள், சிவப்பு, பச்சை வர்ணங்களிலும் ஈயப்பொருள் சேர்ப்பதுண்டு. வீட்டு உபயோக, அலங்கார வர்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி வகுத்தது. அது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சுகளைச் சந்தேகத்துடனேயே அணுகவேண்டும். ஈயத்தூசி மூச்சிலும் கைவழியாக உணவிலும் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கருவுற்ற பெண்களுக்கும் ஆபத்து.

ஆகவே பழைய வர்ணத்தை உலரத் தேய்க்கக்கூடாது. நீர் தொட்டு, ஈரத்தில் தாங்கும் நீர்த்தாளால் தேய்க்கவேண்டும். தீயில் காட்டி எரித்து எடுப்பது மிகவும் தவறு. மூக்கையும் வாயையும் மூடும் தூசிக் கவசம் அணியவேண்டும். வெறும் துண்டைக் கட்டிக்கொண்டால் நுண்தூசி நிற்காது. கீழே பழைய சாக்கோ பாலிதீன் விரிப்போ போட்டு, விழும் செதில்களைச் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்தவேண்டும். அவற்றை எருக்குழியில் போடக்கூடாது. களத்தில் விளையாடும் குழந்தைகளையும், மேயும் கோழி, ஆடுகளையும் அப்பால் வைக்கவேண்டும். வேலை முடிந்ததும் கைகால் கழுவி, உடை மாற்றியபிறகே சாப்பிடவேண்டும்.

அடிப்பூச்சு

தேய்த்து வெண்மையாகத் தெரியும் இரும்பு ஒரே இரவில் மறுபடியும் பழுப்பேறும். ஆகவே ஒரு நாளில் அடிப்பூச்சு இட்டு முடிக்கக்கூடிய அளவு கருவிகளை மட்டுமே தேய்க்கவேண்டும். காலையில் தேய்த்ததற்கு அன்று பிற்பகலுக்குள் பிரைமர் பூசிவிடுவது விதி. பூசுமுன் தூசியை உலர்ந்த துணியாலும், பிறகு டர்பன்டைன் தொட்ட துணியாலும் துடைக்கவேண்டும். அதன்பின் பரப்பைக் கைவிரல் தொடக்கூடாது. வியர்வையிலும் உப்பு உண்டு.

கடைகளில் செம்மண் நிறத்தில் கிடைக்கும் ரெட் ஆக்சைடு பிரைமர் எல்லோருக்கும் தெரிந்தது. அவற்றில் சில ஜிங்க் குரோமேட் சேர்ந்தவை. குரோமேட் புற்றுநோய் உண்டாக்கவல்லது. ஆகவே ஜிங்க் பாஸ்பேட் சேர்ந்த பிரைமரைக் கேட்டு வாங்குவது நல்லது. பிரைமரின் வேலை இரும்பைப் பற்றுவதும், மேற்பூச்சுக்குப் பிடிப்புத் தருவதும் ஆகும். அது மட்டுமே மழையைத் தாங்காது. பிரைமர் பூசியதோடு ஒரு பருவம் விட்டுவைத்த கருவிகள் துருப்பிடிப்பது இதனால்தான்.

எந்தக் கருவியிலும் துரு முதலில் தலைகாட்டும் இடங்கள் கூரான விளிம்பு, வெல்டிங் வைத்த இடம், போல்ட் தலை ஆகியவையே. ஈர வர்ணம் விளிம்பிலிருந்து பின்வாங்கிச் சமதளத்துக்கு ஓடும் இயல்புடையது. அதனால் விளிம்பில் அது மெல்லியதாகவே நிற்கும். இதற்குப் பரிகாரம் எளிது. கூரான விளிம்பை அரத்தால் சிறிது மழுக்கிவிடவேண்டும். பிரைமர் பூசும்போதும் மேற்பூச்சின்போதும் முதலில் சிறு பிரஷால் விளிம்பு, வெல்டிங், போல்ட் தலைகளுக்கு மட்டும் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பின்னர் முழுவதும் பூசவேண்டும். இந்தக் கால் மணி நேர வேலை பூச்சின் ஆயுளைக் கூட்டும்.

மேற்பூச்சு

பிரைமர் ஓர் இரவு நன்றாகக் காய்ந்தபின் 220 எண் தாளால் மெல்லத் தடவி, தூசி துடைத்து, சிந்தெடிக் எனாமல் பூசலாம். டப்பாவின் அடியில் தங்கிய கெட்டியை நன்றாகக் கலக்கவேண்டும். பிரஷ் இழுக்கக் கனமாக இருந்தால் லிட்டருக்கு 50 முதல் 100 மில்லி டர்பன்டைன் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

கனமாக ஒரே பூச்சு என்பது வீண் சிக்கனம். எனாமல் வெறுமனே ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மேலிருந்து கீழாக இறுகுகிறது. கனமாகப் பூசினால் மேலே ஆடை கட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே காற்றுப் போகாமல் பல நாட்கள் பிசுபிசுப்பாகவே இருந்து, சுருங்கிப் பிறகு உரியும். மெல்லியதாக இரண்டு பூச்சு, இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு என்பதே சரியான முறை. ஒரே இழுப்பில் முடிக்காமல் முதலில் நீளவாக்கிலும் பிறகு குறுக்கிலும் பிரஷை ஓட்டினால் விடுபட்ட இடம் இராது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே கருவியை வயலில் இறக்கக்கூடாது. உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். வர்ணமும் டர்பன்டைனும் எளிதில் தீப்பற்றுபவை. காற்றோட்டமுள்ள இடத்தில் பூசவேண்டும். அருகில் பீடி, அடுப்பு கூடாது.

துத்தநாகம் பூசிய தகடு

ஜி.ஐ. குழாய், ஜி.ஐ. தகட்டுப் பெட்டி ஆகியவற்றின் மேல் எனாமலை நேரடியாகப் பூசினால் முதலில் நன்றாக ஒட்டியதுபோல் இருந்து, பின்னர் தாள் தாளாக உரியும். எனாமலிலுள்ள எண்ணெய்ப் பொருளும் துத்தநாகமும் சேர்ந்து சவுக்காரம் போன்ற ஒரு படலத்தை உண்டாக்குவதே காரணம். இவற்றுக்கு ஜி.ஐ. தகட்டுக்கென்றே விற்கும் எட்ச் பிரைமரைக் கேட்டு வாங்கிப் பூசவேண்டும். துத்தநாகப் பூச்சு கெடாமல் இருக்கும்வரை வர்ணமே தேவையில்லை. அதை உப்புத்தாளால் அழுத்தித் தேய்த்து எடுத்துவிடக்கூடாது.

எவ்வளவு வாங்குவது?

ஒரு லிட்டர் பிரைமரோ எனாமலோ ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும். ஓர் இரும்புக் கலப்பை, ஒரு களைக்கருவி, ஒரு மோட்டார் தாங்கி, சில கைக்கருவிகள் சேர்ந்து 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிரைமர் ஒரு பூச்சுக்கு 300 மில்லி. எனாமல் இரண்டு பூச்சுக்கு 600 மில்லி. சேதாரம் உட்பட அரை லிட்டர் பிரைமரும் ஒரு லிட்டர் எனாமலும் போதும். மிஞ்சியதை டப்பாவை இறுக மூடிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தால் கீறல்களைச் சரிசெய்ய உதவும். செலவில் பெரும்பகுதி உழைப்புத்தான். அதுவும் வேலை குறைந்த மாதத்து உழைப்பு.

பூசியபின் காப்பது

வயலிலிருந்து வந்த கருவியை அன்றே கழுவித் துடைத்து வைக்கவேண்டும். உரமிட்ட கருவிக்கு இது மறுநாள் வரை காத்திராத வேலை. பெட்டியில் மீந்த உரத்தை இரவு முழுவதும் விட்டுவைக்கக்கூடாது. கருவிகளை மண் தரையில் வைக்காமல் பலகை அல்லது செங்கல் மேல் வைக்கவேண்டும். மாட்டுக்கொட்டகை இடவசதியாகத் தோன்றினாலும் கோமிய ஆவியும் ஈரமும் இரும்புக்கு ஆகாது. உரமூட்டை அடுக்கிய அறையும் ஆகாது. பருவத்துக்கு ஒருமுறை விளிம்புகளையும் போல்ட் தலைகளையும் பார்வையிட்டு, நகக்கண் அளவு துரு தெரிந்தால் அப்போதே தேய்த்து, பிரைமரும் எனாமலும் தொட்டுவிடவேண்டும். அதை விட்டுவைத்தால் அடுத்த ஆண்டு கருவி முழுவதையும் சுரண்டவேண்டி வரும்.

நினைவிற் கொள்ள

1. மறுவர்ணத்துக்கு மாசி, பங்குனி ஏற்றவை, ஈரக்காற்றில் பூசவேண்டாம்.
2. முதலில் கழுவுதல், பிறகு தேய்த்தல்.
3. பழைய வர்ணத்தை நீர் தொட்டே தேய்க்கவும்; குழந்தைகள் அருகில் வேண்டாம்.
4. தேய்த்த அன்றே பிரைமர்.
5. விளிம்பு, வெல்டிங், போல்ட் தலைக்கு முதல் கோடு.
6. கனமாக ஒன்று அல்ல, மெல்லியதாக இரண்டு பூச்சு.
7. ஒரு வாரம் காய்ந்தபின் வயலுக்கு.

கருவி ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தால் வர்ணம் அதைக் காப்பாற்றாது. அத்தகைய பாகத்தைப் பட்டறையில் வெட்டி மாற்றியபிறகே பூசவேண்டும். எதை மாற்றுவது, எதைப் பூசிக் காப்பது என்பதில் ஐயமிருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கருவியைக் காட்டிக் கேட்கலாம். இதைக் கேட்க ஏற்ற நேரம் கருவிகள் ஓய்ந்திருக்கும் கோடைதான். விதைப்பு மழை பெய்த மறுநாள் அல்ல.